முருங்கைப் போத்து என்னும் அத்தியாவசியக் குற்றம்

ரோஜாச் செடி விதை இல்லை. முருங்கைப் போத்து விதை. மல்லிகைப் பதியன் விதை இல்லை. வாழைக்கன்று விதை.

உளறுகிறேன் என்று தோன்றினால் 1966-ஆம் ஆண்டின் விதைகள் சட்டத்தைப் பிரித்து, ‘விதை’ என்றால் என்னவென்று அது விளக்கும் இடத்தைப் பாருங்கள். உணவுப் பயிரோ தீவனப் பயிரோ, அதன் நாற்று, கிழங்கு, வேர், வெட்டின குச்சி, ஒட்டுக்கன்று எல்லாமே விதைக் கணக்குதான். பூச்செடிக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. விதை வேறு, கன்று வேறு என்று நம் ஊரில் மூன்று வயசுப் பிள்ளைக்குத் தெரியும். சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்துதான் இருக்கும். ஆனால் கன்றுக்கென்று தனியாக ஒன்று எழுத வேண்டுமானால் ஒரு தரமாவது கொல்லைப்பக்கம் போய்ப் பார்க்க வேண்டுமே.

கறிவேப்பிலை எந்தப் பக்கம் சேரும் என்பதில் எனக்கே குழப்பம். காயா, கீரையா, மசாலாவா? நிபுணர் குழு போட்டால் மூன்று வருஷத்தில் இடைக்கால அறிக்கை கிடைக்கும். அதுவரை, சாப்பிடும்போது செய்வதைப் போலவே, அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்போம்.

இப்போது ஒரு பாட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பாட்டிதான் கற்பனை, அவள் தலையில் விழுகிற சட்டமெல்லாம் அரசிதழ். புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம் பக்கம் அவளைக் குடிவைப்போம். கன்று வளர்ப்பது தொழிலாகவே இருக்கிற வட்டாரம் அது. நிழல்வலை கட்டிய பெரிய நர்சரியும் உண்டு. கிணற்றடியில் பத்து இருபது பை வைத்திருக்கிற வீடும் உண்டு. நம் பாட்டி இரண்டாவது ரகம். பால் கவரை அலசிக் காயவைத்து, அடியில் நாலு ஓட்டை குத்தி, செம்மண்ணும் மணலும் மக்கின எருவும் கலந்து அடைப்பாள். ஆடிக்காற்றில் முறிந்து விழுந்த முருங்கைக் கிளையைத் துண்டு போட்டு ஊன்றி, வெட்டுவாயில் சாணியை அப்பிவிடுவாள். தளிர் விட்டால் இருபது ரூபாய். விடாவிட்டால் அடுப்புக்கு.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அந்தப் பக்கத்துத் தென்னையையும் பலாவையும் சாய்த்துவிட்டுப் போனது. மரம் இழந்தவன் கன்று தேடி வரும்போது கேட்பது ஒரே கேள்விதான்: வேர் பிடித்திருக்கிறதா? உரிம எண் என்ன என்று கேட்கிற அளவுக்கு அவன் வயிறு நிறைந்திருக்காது.

ஆனால் கேட்பதற்கென்று சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் பாட்டி வீட்டு வாசலில் ஒரு பைக் வந்து நிற்கிறது.

“ஏம்மா, லைசென்ஸ் இருக்கா?”

“எதுக்கு தம்பி?”

“கன்னு விக்கிறீங்கல்ல?”

“காத்துல முறிஞ்சு விழுந்துச்சு. ஊனி வச்சேன். அதுக்கா?”

“விதைச் சட்டம்மா.”

“இது விதை இல்லையே தம்பி. குச்சி.”

“குச்சிதாம்மா விதை.”

பாட்டி அவரை ஏற இறங்கப் பார்க்கிறாள். வெயில் தலைக்கு ஏறிவிட்டது போல என்று உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவருகிறாள். அவர் குடிக்கட்டும். நாம் அதற்குள் சட்டத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

பொய் சொல்லக் கூடாது, 1966-ஆம் ஆண்டுச் சட்டம் பாட்டிக்குக் கொஞ்சம் கருணை காட்டியிருக்கிறது. அதன் 24-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், தான் வளர்த்ததைத் தன் இடத்திலேயே வைத்து, நடப்போகிறவர் கையில் நேராகக் கொடுத்தால் இந்தச் சட்டம் உன்னைத் தொடாது. ஆக வாசற்படிக்கு உள்ளே இருக்கும்வரை பாட்டி விவசாயி. கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு வாரச்சந்தைக்குப் புறப்பட்டால் அந்தக் கருணை படியோடு நின்றுவிடும், கூட வராது. அவள் காலடியில் கன்று மாறவில்லை, மண் மாறவில்லை, பால் கவரும் மாறவில்லை. படி மட்டும் மாறியிருக்கிறது.

சரி, படி தாண்டாமலே இருந்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. 1983-இல் விதைகள் (கட்டுப்பாடு) ஆணை என்று ஒன்று வந்தது. பெயரைப் பார்த்து இது விதைச் சட்டத்தின் பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். இது 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் பெற்ற பிள்ளை. அப்பன் வேறு என்பதால் 24-ஆம் பிரிவின் கருணை இதன் ரத்தத்தில் இல்லை. விதை விற்கும் தொழில் செய்கிறவர் எவரானாலும் உரிமம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். வாசலுக்கு உள்ளே, வெளியே என்ற பேச்சே கிடையாது. விதை என்பதற்கு மட்டும் அந்தப் பழைய விளக்கத்தையே கடன் வாங்கிக்கொண்டது. கருணையை விட்டுவிட்டுக் குச்சியை மட்டும் எடுத்துக்கொண்டது.

அத்தியாவசியப் பண்டம் என்றால் லேசுப்பட்ட விஷயமா? பெட்ரோல், உரம், மருந்து இருக்கிற வரிசை அது. அந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, மூன்று மாதத்தில் ஆரம்பித்து ஏழு வருஷம் வரைக்கும் சிறையைக் கைகாட்டுகிறது. மூட்டை மூட்டையாக அரிசியைப் பதுக்குகிறவனுக்கு வைத்த பொறி. பெருச்சாளியெல்லாம் அதன் மேல் ஏறி உட்கார்ந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருக்க, உள்ளே மாட்டிக்கொண்டு முழிப்பது முருங்கைப் போத்து.

யாரும் பாட்டியைப் பிடித்து ஏழு வருஷம் உள்ளே போடப் போவதில்லை, ஏன் இத்தனை ஆவேசம் என்று கேட்பீர்கள். உண்மைதான், போடப் போவதில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. உரிமம் இல்லாமல் நாற்று, கன்று விற்றால் சட்டப்படி நடவடிக்கை என்று மாவட்டச் செய்திப் பக்கத்தில் அவ்வப்போது ஓர் அறிவிப்பு வரும். அது போதும். உபயோகிக்கிற சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போகலாம். பரணில் கிடக்கிற சட்டத்தை என்ன செய்வது? அது அங்கே கிடக்கிறது என்று அதிகாரிக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அதை எடுக்காமல் இருப்பதற்கு ஒரு விலை இருக்கிறது என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும்.

சரி, பாட்டி நல்லவள், சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள், உரிமம் எடுத்தே விட்டாள் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம்தான் வேடிக்கை. 1983 ஆணைப்படி உரிமம் வாங்கினவர் தினமும் தொடக்க இருப்பு, இறுதி இருப்பு, விலைப்பட்டியல் மூன்றையும் கடையில் எழுதி மாட்டிவைக்க வேண்டும். வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ரசீது தர வேண்டும். மாதம் பிறந்து 5-ஆம் தேதிக்குள், போன மாதக் கணக்கை ‘டி’ படிவத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும்.

பாட்டி பேத்தியை உட்காரவைத்து எழுதச் சொல்கிறாள். முருங்கை, தொடக்க இருப்பு 22. வரவு? இந்த மாதம் காற்று இல்லை, அதனால் வரவு இல்லை என்று எழுது. விற்றது 9. ஆடு மேய்ந்தது 4. இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று பேத்தி கேட்கிறாள். விற்பனையில் போட்டால் ஆட்டுக்கு ரசீது கொடுத்திருக்க வேண்டும். கொழுந்தன் மகளுக்குச் சும்மா கொடுத்தது 2. அதற்கும் கட்டம் இல்லை, ஏனென்றால் இந்தப் படிவத்தை அச்சடித்தவர்களின் உலகத்தில் யாரும் யாருக்கும் சும்மா எதுவும் கொடுப்பதில்லை. இறுதி இருப்பு 7. அதில் இரண்டு இன்னும் தளிர் விடவில்லை, விறகா விதையா என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரியும் என்று குறிப்பு எழுதச் சொல்கிறாள் பாட்டி. படிவத்தின் நகல், தபால் செலவு, பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து எழுதின நேரம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்னவன் வாயில் சர்க்கரை போட வேண்டும். அவனுக்குச் சுண்டைக்காயாவது மிஞ்சியது.

பையைப் பற்றி ஒரு வார்த்தை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. நல்ல காரியம். அதில் சில விலக்குகள் வைத்தார்கள். வன நாற்றங்கால், தோட்டக்கலை நாற்றங்காலில் உபயோகிக்கிற பிளாஸ்டிக் பைக்கு விலக்கு உண்டு, ஆனால் அரசுத் துறை கேட்டு வாங்குகிற பைக்கு மட்டும். அரசாங்கக் கன்று பிளாஸ்டிக்கில் வளரலாம். அது மக்கிவிடும் போலிருக்கிறது. பாலை அடைக்கிற கவருக்கும் விலக்கு உண்டு. பாட்டி வைத்திருப்பது அந்தக் கவரைத்தான். பால் இருக்கிறவரை அது சட்டத்துக்கு உட்பட்ட கவர். பாலைக் காய்ச்சிக் குடித்துவிட்டு மண்ணை அடைத்தால் அது என்னவாகும் என்று யாராவது ஒரு வழக்கறிஞர் சொல்லட்டும். குப்பையில் போயிருக்க வேண்டியதை இரண்டாம் தரம் உபயோகிக்கிற ஒரே ஆள் ஊரில் அவள்தான்.

எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் பேசிவிட வேண்டும், இல்லாவிட்டால் இது வெறும் வயிற்றெரிச்சல். நடவுப் பொருளில் நோய் பயணம் செய்யும். விளையாட்டு இல்லை. 2020-இல் கேரளத்தின் திருச்சூர்ப் பக்கம் மரவள்ளியில் ஒரு புது மாவுப்பூச்சியைக் கண்டார்கள். கொஞ்ச நாளில் அது சேலம், நாமக்கல் வயல்களுக்கு வந்து குருத்தைச் சுருட்டிப் போட்டது. இந்தப் பூச்சி ஊர்விட்டு ஊர் போக, கட்டுக்கட்டாக லாரியில் ஏறுகிற நடவுக் குச்சியைவிட நல்ல வாகனம் கிடையாது. கடைசியில் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒரு சின்னஞ்சிறு குளவியை வரவழைத்து, 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள். அதற்கு முன்னால் 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோதும் வெளிநாட்டுக் குளவிதான் வந்து காப்பாற்றியது. ஆகவே கன்று விற்பவரைக் கண்காணிக்கத்தான் வேண்டும். போலி ஒட்டுக்கன்றை நம்பி நட்டு, ஆறு வருஷம் தண்ணீர் ஊற்றி, கடைசியில் புளிக்கிற காட்டு மாங்காயைப் பறித்தவனின் சாபத்தை நானும் கேட்டிருக்கிறேன்.

கண்காணியுங்கள் ஐயா. யார் வேண்டாம் என்றது? வந்து இலையைத் திருப்பிப் பாருங்கள். வேரை உதறிப் பாருங்கள். பாட்டிக்கு மாவுப்பூச்சி எப்படி இருக்கும் என்று காட்டிக் கொடுங்கள். கண்டால் எந்த எண்ணுக்குப் போன் பண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அதற்கு ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியும் அரை மணி நேரமும் போதும். ஆனால் ‘டி’ படிவத்தில் மாவுப்பூச்சிக்கு ஒரு கட்டம் கிடையாது. உரிமமும், பதிவேடும், ரசீதுப் புத்தகமும் ஒழுங்காக இருந்தால், வெள்ளை வெளேரென்று பூச்சி அப்பின கன்று கம்பீரமாக லாரி ஏறும். மூன்றும் இல்லாவிட்டால் குற்றமற்ற கன்று குற்றவாளி. தழையைப் பார்க்கத் தெரியாதவர்கள் தாளைப் பார்க்கிறார்கள். அதையும் கண்ணாடி போட்டுக்கொண்டு.

இந்தச் சட்டத்தின் கோபம் யார்மேல் எவ்வளவு என்று அளந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. 1966 சட்டத்தின் 19-ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 500 ரூபாய் வரை. ஓர் ஊரே மலட்டு விதையை விதைத்து நாசமானாலும் அந்தச் சட்டத்தில் விலை அதுதான். 1966-இல் 500 ரூபாய் கனமான காசு. ஐந்து பவுனுக்கு மேல் வாங்கலாம். இன்றைக்கு அதை வைத்து நாலு பேர் பிரியாணி சாப்பிட முடியாது. களைக்கொல்லியைத் தாங்குகிற, அனுமதியே இல்லாத பருத்தி விதை மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் தெலங்கானாவிலும் வருஷக்கணக்காக விளைந்துகொண்டிருக்கிறது. அந்த விதை பால் கவரில் முளைத்ததில்லை.

இன்னொரு பக்கம் செல்போனுக்குள் இருக்கிற கடை. ஒரு மணி பிளான்ட் குச்சியைப் பீங்கான் கோப்பையில் சொருகி, வீட்டுக் காற்றையே சுத்தம் பண்ணும் என்று நாசாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, பாட்டி ஒரு மாதம் சம்பாதிக்கிறதை ஒரே செடிக்கு வாங்குகிறார்கள். நாசா 1989-இல் மூடின பெட்டிக்குள் வைத்துப் பார்த்த ஆய்வு அது. உங்கள் கூடம் மூடின பெட்டி இல்லை. இருந்தாலும் என்ன? மணி பிளான்ட்டை யாரும் சாம்பாரில் போடுவதில்லை. ஆகவே அது விதை இல்லை. ஆகவே அந்தக் கடைக்கு ‘டி’ படிவம் இல்லை. சோறு போடுகிற செடிக்குச் சிறை, அலமாரியில் உட்கார்ந்திருக்கிற செடிக்குச் சலுகை.

அரசாங்கமே மரம் நட்ட கதையை நீட்ட வேண்டாம். விறகுக்கென்று ஊரெல்லாம் பரப்பின சீமைக் கருவேலத்தைப் பிடுங்கச் சொல்லி நீதிமன்றம் வரைக்கும் போய்விட்டு வந்தோம். சாலை நடுவிலும் பூங்காவிலும் வரிசை கட்டி நட்ட கோனோகார்பஸை 2025 ஜனவரியில் அரசாணை போட்டுத் தடை செய்தார்கள். நட்டபோது எந்தப் படிவத்தை நிரப்பினார்கள், இருப்புப் பதிவேடு எங்கே, கெட்ட கன்றைக் கொடுத்ததற்கு யாருடைய உரிமம் ரத்தானது? 1950-இல் ஆரம்பித்த வன மகோத்சவம் வருஷா வருஷம் நடக்கிறது. சில அலுவலகங்களில் குழி மட்டும் நிரந்தர ஊழியர், கன்றுதான் தற்காலிகம்.

சட்டங்களுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் ஒன்று இருக்கிறது. உழவர் தன் விளைச்சலை, விதை உட்பட, சேமிக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம், பெயர்ச்சீட்டு ஒட்டி வணிகப் பெயரில் விற்காமல் இருந்தால் சரி என்கிறது அதன் 39-ஆம் பிரிவு. அப்படியும் 2019-இல் பெப்சிகோ நிறுவனம் தன் சிப்ஸ் உருளைக்கிழங்கை விளைவித்தார்கள் என்று குஜராத் விவசாயிகள் நாலு பேர்மேல், ஆளுக்கு ஒரு கோடியே ஐந்து லட்சம் கேட்டு வழக்குப் போட்டது. நாடு கத்தின கத்தலில் மே மாதம் வாபஸ் வாங்கியது. ஒரு சட்டம் உரிமை என்கிறது, ஓர் ஆணை உரிமம் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் ‘மை’யும் ‘மம்’மும்தான் வித்தியாசம். அந்த ‘மம்’மைத்தான் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து வாங்க வேண்டியிருக்கிறது.

புதுச் சட்டம் வந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். 2004-இல் ஒரு மசோதா வந்தது. தோட்டக்கலை நாற்றங்கால் எல்லாம் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு நடவுப் பொருளும் எங்கிருந்து வந்தது என்று எழுதிவைக்க வேண்டும், தாய்மரம் எது, அது எப்படிக் காய்த்தது என்று கணக்கு வேண்டும், எது எங்கே நிற்கிறது என்று வரைபடம் வேண்டும் என்றது. ஒட்டுமாங்கன்று விற்கிற பெரிய நர்சரிக்கு இதெல்லாம் நியாயமான கேள்வி. பாட்டியிடம் கேட்டால் வரைபடம் வாய்மொழியாக வரும்: கிணத்துக்குத் தெக்கே, மாட்டுக்கொட்டாயை ஒட்டி, என் மாமியார் நட்டது. அந்த மசோதா நிறைவேறவில்லை. 2019-இல் ஒரு வரைவு, 2025 நவம்பரில் இன்னொரு வரைவு. இருபது வருஷமாக வரைந்துகொண்டே இருக்கிறார்கள். பாட்டியின் மாமியார் நட்ட மரம் அதற்குள் மூன்று தரம் முறிந்து, மூன்று தரம் துளிர்த்துவிட்டது.

மோர் தீர்ந்துவிட்டது. வாசலுக்குப் போவோம்.

அதிகாரி கெட்டவர் இல்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றிப் பார்க்கிறார். “பாவம், வயசானவங்க. இந்தத் தரம் விட்டுர்றேன்மா” என்கிறார். விட்டதற்கு அடையாளமாக இரண்டு முருங்கையும், போன வாரம்தான் மொட்டு விட்ட ஒரு ரோஜாவும் பைக்கின் முன்பக்கம் ஏறுகின்றன. “வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

பாட்டி உள்ளே திரும்பிக் குரல் கொடுக்கிறாள். பேத்தி பழைய நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதிக் கொண்டுவருகிறாள். தேதி. முருங்கை 2. ரோஜா 1. விலை: சும்மா. வாங்கியவர் பெயர் எழுதக் கோடு போட்டு இடம் விட்டிருக்கிறாள்.

“என்னம்மா இது?”

“நீங்க சொல்ற சட்டந்தானே தம்பி சொல்லுது, வாங்குற ஆளுக்கெல்லாம் பில்லு குடுக்கணும்னு. பேரைப் போட்டுட்டுப் போங்க. மாசக் கணக்குல எழுதணும்ல.”

அதிகாரி தாளைப் பார்க்கிறார். பாட்டியைப் பார்க்கிறார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இரண்டு முருங்கையையும் எடுத்து, மண் உதிராமல், இருந்த இடத்திலேயே பத்திரமாக வைக்கிறார்.

ரோஜாவை வைத்துக்கொள்கிறார். அது விதை இல்லை.